புத்தாண்டு உறுதியும் பிராங்க்ளினின் கரும்புள்ளியும்

ஜனவரி மாதம் பிறக்கிறது. கடைகளில் நாட்குறிப்பேடுகள் அடுக்கி வைக்கப்படுகின்றன. நாமும் ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பெயரும் முகவரியும் எழுதி, அடுத்த பக்கத்தில் ‘இவ்வாண்டு நான் செய்ய வேண்டியவை’ என்று தலைப்பிட்டு அடியில் கோடும் போடுகிறோம். பொங்கல் வரை கையெழுத்து அழகாக ஓடுகிறது. குடியரசு நாளுக்குள் அது சரியத் தொடங்கிவிடுகிறது. பிப்ரவரிப் பக்கங்களில் பால் கணக்கைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

என் மேசை இழுப்பறையில் இத்தகைய ஏடுகள் ஆறு உள்ளன. ஆறிலும் முதல் உறுதிமொழி ஒன்றே: நாள்தோறும் மாலையில் இயந்திரவியல் கணக்குகள் மூன்று போட வேண்டும். படித்து முடித்துக் கற்பிக்க வந்தபின் கணக்குப் போடும் கை துருப்பிடித்துவிடுமோ என்ற அச்சந்தான் காரணம். ஆறு ஆண்டுகளிலும் அது நிறைவேறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நான் கண்ட முடிவும் ஒன்றே: ‘எனக்கு மன உறுதி போதாது.’

ஆய்வகத்தில் ஒரு மாணவன் ஒரே சோதனையை ஆறு முறை செய்து, ஆறு முறையும் தவறிவிட்டு, ‘எனக்கு அறிவு போதாது’ என்று முடிவு எழுதிக்கொண்டு வந்தால் நான் ஏற்றுக்கொள்வேனா? கருவியைக் காட்டு, செய்முறையைக் காட்டு, எந்த இடத்தில் தவறினாய் என்று சொல் என்றல்லவா கேட்பேன்! என் சொந்தத் தோல்வியிடம் மட்டும் அக்கேள்விகளை நான் கேட்டதே இல்லை.

இந்த எண்ணத்தோடு சென்ற விடுமுறையில் பெஞ்சமின் பிராங்க்ளினின் தன்வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன். மின்னூட்டங்களுக்கு நேர், எதிர் என்று பெயரிட்டவர் என்ற முறையில் பிராங்க்ளினை இயற்பியல் மாணவர் அனைவரும் அறிவர். தம் வாழ்க்கையைத் தாமே திருத்திக்கொள்ள ஒரு திட்டம் வகுத்து, அதை எழுதி வைத்தவர் என்ற முறையிலும் அவர் புகழ் பெற்றவர். இன்று வரும் முன்னேற்ற நூல்கள் பலவற்றுக்கு அந்தப் பகுதியே மூலம். அதை ஓர் ஆய்வகப் பதிவேட்டைத் திருத்துவது போல் திருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதின்மூன்று பக்கங்கள்

இப்பகுதியைப் பிராங்க்ளின் 1784இல், பாரிசுக்கு அருகிலுள்ள பாசி என்னும் ஊரில், தம் 78ஆம் வயதில் எழுதினார். அதில் அவர் விவரிக்கும் முயற்சியோ அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முற்பட்டது. அப்போது அவர் பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய இளைஞர். குற்றமற்ற மனிதராகிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகப் பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டார்: மிதமான உணவு, பேச்சடக்கம், ஒழுங்கு, மன உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, மிதம், தூய்மை, அமைதி, புலனடக்கம், பணிவு.

சிறு ஏடு ஒன்றில் பண்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். சிவப்பு மையால் கோடிட்டு, கிழமைக்கு ஒன்றாக ஏழு நிரல்களும், பண்புக்கு ஒன்றாகப் பதின்மூன்று வரிசைகளும் அமைத்தார். இரவில் அன்றைய நாளை நினைத்துப் பார்த்து, தவறு நேர்ந்த கட்டத்தில் ஒரு கரும்புள்ளி வைப்பார். வாரத்துக்கு ஒரு பண்பின் மீது மட்டுமே முழுக் கவனம். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று; ஆண்டுக்கு நான்கு சுற்று; பதின்மூன்றை நான்கால் பெருக்கினால் ஐம்பத்திரண்டு. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. அன்றியும், இத்திட்டத்துக்கு ஜனவரி முதல் நாள் தேவையில்லை. எந்த வாரத்திலும் தொடங்கலாம்.

இதில் பாராட்டத் தக்கவை இரண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் கவனிப்பது சோதனை முறையின் முதல் பாடம். அதை அவர் பின்பற்றினார். இரண்டாவதாக, நினைவை நம்பாமல் அன்றன்றே பதிவு செய்தார். தாம் எண்ணியிருந்ததைவிட மிகுதியான குற்றங்கள் தம்மிடம் இருக்கக் கண்டு வியந்ததாகவும், பின்னர் அவை குறைந்து வந்ததாகவும் கூறுகிறார்.

எவ்வளவு குறைந்தன? இங்குதான் திருத்துபவரின் சிவப்பு மைக்கு வேலை வருகிறது. எண்ணிக்கை ஏதும் தரப்படவில்லை, தரவும் இயலாது. ஏனெனில் ஒவ்வொரு சுற்றிலும் பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்துவிட்டு அதே ஏட்டைப் பயன்படுத்தினார். தாள் ஓட்டையாகிப் போனதால் தந்தத் தகடுகளாலான ஏட்டுக்கு மாறினார். அதில் பென்சிலால் புள்ளி வைத்து ஈரப் பஞ்சினால் துடைத்துவிடலாம். தவறான அளவீட்டையும் அழிக்காதே, ஒரு கோடிட்டு அருகில் புதியதை எழுது என்று நாம் மாணவர்க்குச் சொல்கிறோம். இத்தனை கவனமாகச் சேர்த்த அளவீடுகளைப் பிராங்க்ளின் பஞ்சினால் துடைத்துவிட்டார்.

புள்ளி சொல்லாதவை

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதை விளக்க 1750ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்துக்குச் செல்ல வேண்டும். மின்னதிர்ச்சியால் ஒரு வான்கோழியைக் கொல்ல முயன்றபோது, பிராங்க்ளின் இரண்டு பெரிய லெய்டன் ஜாடிகளின் மின்னேற்றம் முழுவதையும் தம் உடலிலேயே பாய்ச்சிக்கொண்டார். உயிர் தப்பியது நற்பேறு. டிசம்பர் 25ஆம் நாள் எழுதிய கடிதத்தில் அந்நிகழ்ச்சியை விவரிக்கிறார். ஒரு கை ஜாடிகளின் மேற்கம்பிகளைத் தொட்டது. மற்றொரு கை அவற்றின் வெளிப்புறங்களோடு இணைந்த சங்கிலியைப் பற்றியிருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறார். ஆயினும் தவறு நேர்ந்த விதத்தை மறைக்கவில்லை. அக்கடிதத்தைப் படிப்பவர் எவரும் அடுத்த முறை எந்தக் கையை எங்கே வைக்கலாகாது என்பதை அறிந்துகொள்வர்.

இனி அந்தச் சிவப்புக் கோட்டு ஏட்டைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை நிரலில், ‘ஒழுங்கு’ என்னும் வரிசையில் ஒரு கரும்புள்ளி. காலையிலா, மாலையிலா? எந்த வேலையின்போது? யார் வந்திருந்தபோது? புள்ளிக்கு வாய் இல்லை. தவறு நடந்தது என்பதை மட்டும் அது சொல்கிறது. எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பதைச் சொல்வதில்லை. மின்னியல் சோதனையில் தவறின் சூழ்நிலையைக் கைவிரல் வரை குறித்த அதே மனிதர், ஒழுக்கச் சோதனையில் தவறை எண்ணியதோடு நிறுத்திக்கொண்டார்.

நம் நாட்குறிப்பேடுகளும் இத்தகையனவே. ‘இன்றும் செய்யவில்லை’ என்று ஒரு வரி எழுதுகிறோம். நாலு நாள் அவ்வரி தொடர்ந்தால் ஏட்டைத் திறக்கவே கூசுகிறது. கூச்சம் வந்தபின் பதிவு நின்றுவிடுகிறது.

ஒழுங்கு ஏன் தோற்றது?

பதின்மூன்றில் தமக்கு மிகுந்த தொல்லை தந்தது ‘ஒழுங்கு’ என்று பிராங்க்ளின் ஒப்புக்கொள்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் உரிய நேரம், ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடம் என்பதே அதன் விதி. இருபத்து நான்கு மணிக்கும் ஓர் அட்டவணை வகுத்தார். நடைமுறையில் அது நிற்கவில்லை.

இதற்கு அவர் தரும் காரணங்களுள் ஒன்று கூர்ந்து நோக்கத் தக்கது. தன் நேரம் தன் கையில் உள்ள ஓர் அச்சுத் தொழிலாளிக்கு இவ்வட்டவணை பொருந்தலாம். அச்சக உரிமையாளருக்குப் பொருந்தாது. ஏனெனில் வாடிக்கையாளர் தமக்கு வசதியான நேரத்தில் வருவர், அவர்களை அப்போதே பார்த்தாக வேண்டும் என்கிறார். இது நேர்மையான, அறிவியல் முறைக்கு ஒத்த விளக்கம். குற்றம் மனத்தில் இல்லை, நேரத்தின் உரிமையில் உள்ளது.

ஆனால் அதைத் தொடர்ந்து அவர் வேறு வழியில் போய்விடுகிறார். கோடரி முழுவதும் அதன் முனையைப் போலவே பளபளக்க வேண்டும் என்று கேட்ட ஒருவர், சாணைச் சக்கரத்தைத் தாமே சுற்ற வேண்டியிருந்ததால் களைத்துப் போய், புள்ளி விழுந்த கோடரியே தமக்குப் பிடிக்கும் என்று வாங்கிச் சென்ற கதையைச் சொல்கிறார். சோம்பலுக்கு மனிதன் எவ்வளவு எளிதில் சாக்குக் கண்டுபிடிக்கிறான் என்பது கதையின் கருத்து. நகைச்சுவையான கதை; படித்தவர் நினைவில் நிற்பதும் இதுதான். ஆயினும் சற்று முன் கண்ட உண்மையை இது மறைத்துவிடுகிறது. நேரத்தைப் பற்றிய கேள்வி மீண்டும் மன உறுதியைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது.

நம்மில் பலருக்கு மாலை நேரம் சொந்தமன்று. ஷிப்டு மாறும் தொழிலாளிக்கு ‘தினமும் மாலை ஆறு மணி’ என்பது வாரத்துக்கு வாரம் வேறு பொருள் தரும். வீட்டுப் பெண்களின் மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அது அடுப்பங்கரைக்கும் பிள்ளைகளின் வீட்டுப் பாடத்துக்கும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. என் ஆறு ஏடுகளையும் இப்போது எடுத்துப் பார்க்கிறேன். கணக்கு நின்றுபோன நாட்கள் பெரும்பாலும் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்த நாட்களே. ஆறு ஆண்டுகளாக நான் உறுதியெடுத்தது என்னுடையதல்லாத நேரத்தைப் பற்றி!

நிலைத்தது எது?

பட்டியலின் நான்காவது பண்பு மன உறுதி. செய்ய வேண்டியதைச் செய்வதென உறுதி கொள். உறுதி கொண்டதைத் தவறாமல் செய் என்பது அதன் சாரம். உறுதிமொழியைக் காப்பாற்றுவதற்காக மற்றோர் உறுதிமொழி! தன் தோளின் மீது தானே ஏறி நிற்க முயல்வதைப் போன்றது இது. இதனால் பயன் விளைந்ததாக நூலில் தெளிவான சான்று ஏதுமில்லை.

மாறாக, கடைசிப் பண்பைப் பாருங்கள். முதலில் பட்டியலில் பன்னிரண்டே இருந்தன. செருக்குடையவர் என்று மற்றவர்கள் கருதுவதாக ஒரு நண்பர் எடுத்துச் சொன்னதால் பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். உண்மையான பணிவைத் தாம் அடைந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்றும், தோற்றத்தளவில் நிரம்ப அடைந்ததாகவும் வெளிப்படையாகக் கூறுகிறார். அதை எப்படி அடைந்தார்? ‘நிச்சயமாக’, ‘ஐயமின்றி’ போன்ற சொற்களைத் தமக்குத் தாமே தடை செய்துகொண்டார். அவை நாக்கில் வரும் இடத்தில் ‘எனக்கு அவ்வாறு தோன்றுகிறது’ என்ற முறையில் பேசினார். தொடக்கத்தில் வருத்திச் செய்ய வேண்டியிருந்தது. பிறகு எளிதாகிப் பழக்கமாயிற்று. ஐம்பது ஆண்டுகளாகத் தம் வாயிலிருந்து பிடிவாதமான சொல் ஒன்றும் வந்ததில்லை என்று முதுமையில் எழுதுகிறார்.

பதின்மூன்றில் இத்தனை உறுதியாக ‘இது பழக்கமாயிற்று’ என்று அவர் சொல்வது இங்குதான். இங்கு மட்டும் பண்பு ஒரு செயலாக மாறியது என்பதைக் கவனியுங்கள். இன்ன சூழ்நிலை வந்தால் இன்னது செய்வேன் என்ற வடிவம் அதற்குக் கிடைத்தது. சூழ்நிலையே மணியடித்து நினைவூட்டிவிடுவதால் மன உறுதி எப்போதும் காவல் நிற்க வேண்டியதில்லை.

இக்கருத்தைப் பிற்காலத்தில் உளவியலார் சோதனைக்கு உட்படுத்தினர். ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். கிறிஸ்துமசுக்கு முதல் நாளை எவ்வாறு கழித்தீர்கள் என்று இரண்டு நாட்களுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டனர். பாதிப் பேரிடம் மட்டும், எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் அறிக்கையை அனுப்பினர். குறிக்காதவர்களிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. இரு சாராரும் எழுத விரும்பியவர்கள்தாம். வேறுபாடு விருப்பத்தில் இல்லை. இடமும் நேரமும் குறித்ததில் இருந்தது.

இன்னொரு செய்தி. பிராங்க்ளினின் ஏடு தவறுகளை மட்டுமே எண்ணியது. செய்தவற்றுக்கு அதில் கட்டமில்லை. சுவீடனில் புத்தாண்டு உறுதிகளைப் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ‘இதைச் செய்யத் தொடங்குவேன்’ என்ற உறுதி கொண்டவர்களில் 58.9 விழுக்காட்டினரும், ‘இதை விட்டுவிடுவேன்’ என்ற உறுதி கொண்டவர்களில் 47.1 விழுக்காட்டினரும் வெற்றி பெற்றதாகக் கூறினர். வெற்றியை அவரவரே மதிப்பிட்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் ‘நிச்சயமாக’ என்று சொல்லாதே என்பதோடு நிற்காமல், பதிலுக்கு என்ன சொல்வது என்பதையும் பிராங்க்ளின் வகுத்துக்கொண்டது ஏன் உதவியது என்பதற்கு இது ஒரு குறிப்பு.

மின்தேக்கியும் பழக்கமும்

இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. இதன் வேர் 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதிய நூலில் உள்ளது. முகச் சீரமைப்பு செய்துகொண்டவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாட்கள் ஆவதை அவர் கண்டார். பின்வந்தவர்கள் ‘குறைந்தது’ என்ற சொல்லையும் ‘சுமார்’ என்ற சொல்லையும் உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் தோழர்களும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு செயலைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே சூழ்நிலையில் 84 நாட்கள் செய்து வந்தனர். செயல் எந்த அளவுக்குத் தானாக நிகழ்கிறது என்பதைக் குறித்து வரைபடம் வரைந்தபோது, முதலில் வேகமாக உயர்ந்து பின் மெல்லச் சமனாகும் ஒரு வளைகோடு கிடைத்தது. நம் மாணவர்க்கு இது பழகிய கோடு. மின்தடை வழியாக மின்தேக்கி மின்னேற்றம் பெறும்போது வருவதும் இதே வடிவமே. உச்ச மதிப்பில் 95 விழுக்காட்டை எட்ட ஆன காலம் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடைநிலை மதிப்பு 66 நாள். ஆய்வு 84 நாட்களே நடந்ததால், 254 என்பது கோட்டை நீட்டிக் கணக்கிட்டுப் பெற்றது என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும்.

மின்தேக்கி மூன்று கால மாறிலிகளில் 95 விழுக்காடு ஏற்றம் பெறும். ஆகவே 66 நாள் என்றால் கால மாறிலி ஏறக்குறைய 22 நாள். அந்த 22ஆம் நாளில் ஏற்றம் 63 விழுக்காடே. இருபத்தொரு நாளில் பழக்கம் முற்றவில்லையே என்று கைவிடுபவர், மூன்றில் ஒரு பங்கு வழி கடந்து, பயனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றபின் திரும்பிச் செல்கிறார். பிராங்க்ளின் ஒரு பண்புக்கு ஒதுக்கிய ஏழு நாளில் ஏற்றம் கால் பங்கைச் சற்றே தாண்டும். முந்தைய பண்பையும் காத்துக்கொண்டு அடுத்ததற்குப் போக எண்ணினார் என்பது உண்மை. ஆயினும் அவசரம் மிகுதி. லெய்டன் ஜாடியே முதல் மின்தேக்கி. அதைத் தம் கையாலேயே ஏற்றியவரிடம் இந்த அவசரத்தை நாம் எதிர்பார்ப்பதில்லை.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு ஆறுதல் தருவது. ஒரு நாள் தவறினால் வளைகோடு குறிப்பிடத் தக்க அளவு பாதிக்கப்படவில்லை. சாவியை ஒரு கணம் திறந்ததால் மின்தேக்கி வெறுமையாகிவிடுவதில்லை. ஒரு கரும்புள்ளியைக் கண்டு ஏட்டையே மூடிவிடுவதுதான் கேடு.

சுழிப் பிழை

இந்நூலைக் கடிந்தவர்கள் பலர். மார்க் ட்வெயின் 1870இல் இதைக் கேலி செய்தார், டி. எச். லாரன்ஸ் 1923இல் கடுமையாகச் சாடினார். மனிதனைப் பட்டியலுக்குள் அடைக்க முடியாது என்பது லாரன்சின் சினம். எனக்கு அளப்பதில் மறுப்பு இல்லை. அளக்கும் கருவியின் சுழிப் பிழையைப் பார்த்தோமா என்பதே என் கேள்வி.

திருகு அளவியில் சுழிப் பிழை இருந்தால் நூறு முறை அளந்தாலும் நூறும் தவறே. பட்டியலின் எட்டாவது பண்பு நீதி. அதைப் பட்டியலில் வைத்திருந்த பிராங்க்ளின் பல ஆண்டுகள் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய ‘பென்சில்வேனியா கெஜட்’ இதழில் அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் வந்தன. அவர் எழுதியதில் இதற்காக ஒரு புள்ளி வைத்ததாகக் குறிப்பு இல்லை. இரவு தோறும் தன்னைத் தானே சோதித்தும் தன் காலத்தின் பெருங்குற்றம் அந்த ஏட்டில் ஏறவில்லை. பிற்காலத்தில் அவர் மாறினார். 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கோரி நாடாளுமன்றத்துக்குச் சென்ற மனுவில் கையொப்பமிட்டார். பணிவைப் பட்டியலில் சேர்க்கச் செய்ததும் ஒரு நண்பரின் சொல்லே என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். தன் கருவியின் சுழிப் பிழையைத் தானே காண்பது அரிது; வேறொருவர் காட்ட வேண்டியிருக்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

அப்படியானால் இந்நூலை ஒதுக்கிவிடலாமா? கூடாது. தம் தோல்விகளை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய தன்வரலாறுகள் குறைவு. குறை சொல்ல நமக்குக் கிடைத்த சான்றுகள் அனைத்தும் அவரே தந்தவை. முன்னேற்ற நூல்கள் அவருடைய அட்டவணையை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, ஒழுங்கில் தோற்ற பக்கத்தையும் பணிவைச் சொல்லாக மாற்றிய பக்கத்தையும் விட்டுவிடுகின்றன. மாணவர்கள் படிக்க வேண்டியவை அந்த இரண்டு பக்கங்களே.

என் உறுதிமொழியைச் சென்ற பருவத்தில் மாற்றி எழுதினேன். மாலை போயிற்று, மூன்று கணக்குகளும் போயின. ‘காலையில் ஆய்வகத்தைத் திறந்து விளக்கைப் போட்டதும், மாணவர் வருமுன் ஒரு கணக்கு’ என்பதே புதிய வாசகம். தவறிய நாளில் புள்ளி வைப்பதில்லை. என்ன குறுக்கிட்டது என்று ஒரு வரி எழுதுகிறேன். அதை அழிப்பதும் இல்லை. 62 வேலை நாட்களில் 41 கணக்குகள் தேறின. தவறிய 21 நாட்களில் 14 தேர்வுப் பணி நாட்கள். அந்நாட்களில் ஆய்வகத்தையே நான் திறப்பதில்லை. எஞ்சிய ஏழுக்குப் பேருந்தும் சோம்பலும் காரணம், சோம்பலுக்கு மூன்று. ஆறு ஆண்டுகளாக என் மீது நான் சுமத்திய குற்றத்தின் அளவு இவ்வளவுதான்.

இவ்வாண்டு நாட்குறிப்பேடு வாங்கும் மாணவ நண்பர்கள் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதட்டும்: எது நடந்ததும், எந்த இடத்தில், என்ன செய்வேன். அந்த நேரம் உண்மையில் தம்முடையதுதானா என்று வீட்டாரிடமும் கேட்டுக்கொள்ளட்டும். ஏடு பிப்ரவரியில் வெறுமையாகத் தொடங்கினால், வெறுமையான முதல் நாளின் மேல் காரணத்தை எழுதிவிட்டு, மறுநாள் தொடரட்டும்.